செருப்பு அலமாரியில் மூன்று பிரதிகள்

லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் தரும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்த மனிதருக்கு உலகத்தின் மேல் நம்பிக்கை இருக்காது. கம்பிகளின் மேல்தான் இருக்கும். ஒரு லிஃப்டை ஒரு கம்பியே தாங்கும். ஆனாலும் ஐந்தாறு போட்டிருப்பார்கள். அத்தனையும் அறுந்தால் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்க அடியில் ஓர் இரும்புத் தாடை. அதுவும் கைவிட்டால் குழிக்குள் தாங்கிப் பிடிக்க ஒரு சுருள்வில். இவற்றையே பார்த்துப் பார்த்து, கடவுள் நேரில் வந்து "நான் இருக்கிறேன், பயப்படாதே" என்று சொன்னால்கூட "சரி, நீங்கள் லீவு போட்டால் யார்?" என்று கேட்கும் பக்குவத்துக்கு வந்துவிட்டவர் நம் கதாநாயகர்.

அலுவலகத்தில் அவருக்கு 'ஸ்டெப்னி' என்று பெயர். வண்டிக்குப் பின்னால் சும்மா தொங்கிக்கொண்டு வரும் உபரிச் சக்கரம். ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது அவருடைய கால்சட்டை ஆணியில் மாட்டி மானம் போகும் அளவுக்குக் கிழிந்தது. மனிதர் பதறவில்லை. பையைத் திறந்தார், மடித்து, இஸ்திரி போட்டு, இன்னொரு கால்சட்டை இருந்தது. அன்று சாயங்காலமே பெயர் சூட்டு விழா முடிந்தது. கேலிக்காக வைத்த பெயரை அவர் பட்டமாக வாங்கிக்கொண்டார். இரண்டு கண்ணாடி, இரண்டு டார்ச், இரண்டு பேனா, வீட்டுச் சாவி மூன்று. மாற்று ஏற்பாடு இல்லாமல் அவர் செய்துகொண்ட ஒரே காரியம் கல்யாணம். அதை அம்மையார் அவ்வப்போது நினைவூட்டுவதுண்டு, "ஒண்ணுதான் இருக்கேன், பார்த்து நடந்துக்குங்க" என்று.

அம்மையாரின் தொழில் வாசிப்பது. பார்வையற்றோர் நூலகம் ஒன்றுக்குப் புத்தகங்களைக் குரலில் பதிந்து கொடுப்பார். ஒலிப்பதிவுக் கூடம் என்பது படுக்கையறையின் துணி அலமாரி. சட்டைகளையெல்லாம் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, உள்சுவர்களில் பழைய ரஜாய்ப் போர்வைகளை அடித்து, ஒரு முக்காலியும் மைக்கும் சின்ன விளக்கும் வைத்திருந்தார். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் அந்த வீட்டில் யாரும் தும்மக் கூடாது. ஸ்டெப்னிக்கு அவசரமாக ஒரு சட்டை வேண்டுமென்றாலும் அத்தியாயம் முடியும்வரை பனியனோடு காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த வருடம் அலமாரிக்குள் போனது தலையணை கனத்தில் ஒரு நாவல். ஒரு பெண், அவளைக் கட்டிக்கொள்ள ஒற்றைக் காலில் நிற்கும் இருவர்: ஒரு கப்பல்காரன், ஒரு மருந்துக்கடைக்காரன். இதைக் கேட்டு வாங்கியவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். சர்க்கரை வியாதியில் பார்வை போய்விட்டது. பொறுமை அதற்கு முன்பே போயிருந்தது. வாராவாரம் போன் செய்வார்.

"அம்மா, அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா?"

"துறைமுகத்துல நிக்கறா, ஐயா."

"யாருக்காக நிக்கறா? அதை மட்டும் சொல்லிடுங்க."

"சொல்ல மாட்டேன். முழுசா படிச்சு முடிச்சாதான் நூலகத்துல வாங்கிப்பாங்க. அப்புறம் உங்க கைக்கு வரும்."

"மழைக்காலம் முடிஞ்சதும் எனக்கு நெஞ்சைத் திறக்கறாங்கம்மா. உள்ள போனா திரும்பி வர்றது டாக்டர் கையில இருக்கு. ஆனா கத்தி வைக்கறதுக்கு முன்னாடி அவ யாரைக் கட்டிக்கிட்டான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். தெரியாம மயக்க ஊசி போட விட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"அதுக்குள்ள முடிச்சுடுவேன். சத்தியமா."

இப்படியாக ஒரு மனிதரின் இருதயமும் ஒரு நாவலின் கடைசி அத்தியாயமும் ஒரே தேதியில் முடிச்சுப் போடப்பட்டன.

இதில் ஸ்டெப்னி எங்கே வந்தார் என்றால், ஒருநாள் அம்மையாரின் மடிக்கணினி திறக்க மறுத்தது. நாலு தட்டு தட்டியதும் திறந்துகொண்டது. அதற்குள் அவர் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"இதுவரைக்கும் படிச்சதெல்லாம் எங்க இருக்கு?"

"இதுலதான்."

"இதுல மட்டுமா?"

"பின்ன, பக்கத்து வீட்டுலயா கொடுத்து வைக்க முடியும்?"

ஒரே நூலில் தொங்கும் லிஃப்டில் பத்துப் பேர் ஏறி நிற்பதைக் கண்டவர்போல் ஸ்டெப்னி நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று அந்த வீட்டில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. வீட்டுக் கணினிகள் எல்லாம் வயர்லெஸ் வழியாகவே கோப்புகளைப் போட்டு எடுக்கும்படி ஒரு பொதுப் பெட்டி. அதற்குள் ரெய்டு.

வருமானவரிக்காரர்கள் விடிகாலையில் கதவைத் தட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எழுதுவதை ஒரே நேரத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்கில் எழுதிக்கொண்டு போகும் ஏற்பாடு இது. ஒன்று மண்டையைப் போட்டால் மற்றது எதுவும் நடக்காததுபோல் குடும்பத்தை நடத்தும். இப்படி ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்தபோது ஸ்டெப்னிக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னைப்போல் சிந்திக்கிறவர்கள் எங்கோ இருக்கிறார்கள், அவர்களுக்குத் தொழிற்சாலைகூட இருக்கிறது.

ஆனால் யார் அந்த இரண்டு முறை எழுதுவது? அங்கேதான் குடும்பம் இரண்டானது. இதற்கென்றே ஒரு கார்டு உண்டு. அதைப் பெட்டிக்குள் செருகினால் அது தானே பார்த்துக்கொள்ளும். இது ஹார்ட்வேர் கட்சி. கார்டும் வேண்டாம், கத்தரிக்காயும் வேண்டாம், கணினிக்குள் ஓடும் நிரலே இரண்டிலும் எழுதிக்கொள்ளும். இது சாஃப்ட்வேர் கட்சி. முதல் கட்சிக்குத் தலைவர் மச்சான், அதாவது அம்மையாரின் அண்ணன். ஒரு பெரிய நிறுவனத்தின் கணினி அறையைக் காத்து வந்தவர். அந்த அறையின் குளிரிலேயே வாழ்ந்து பழகி, வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போடுபவர். இரண்டாம் கட்சிக்குத் தலைவர் ஸ்டெப்னியின் தம்பி. வீட்டிலிருந்தே நிரல் எழுதுகிறவன். அரைக்கால் சட்டையிலேயே தொழில் செய்து முன்னுக்கு வந்தவன்.

மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்டோடு வந்தார். அலுவலகத்தில் பழசென்று கழித்துவிட்ட இயந்திரத்திலிருந்து, முறைப்படி கேட்டு வாங்கியது. பூத்துண்டில் சுற்றி, மார்போடு அணைத்து, பச்சைக் குழந்தையைக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்தார்.

"மாப்பிள்ளை, தொட்டுப் பாருங்க. கனம் எப்படி? பதினோரு வருஷம் ஓடியிருக்கு. ஒருநாள் மூச்சு விடலை."

உள்ளே அலமாரியில் பதிவு நடந்துகொண்டிருந்ததால் மாநாடு முழுவதும் கிசுகிசுப்பில் நடந்தது. கிசுகிசுப்பில் சண்டை போடுவது கடினமான கலை. கோபத்தைக் கண்ணிலும் கழுத்து நரம்பிலும்தான் காட்ட முடியும்.

"இந்தக் கார்டு செத்துப்போச்சுன்னா?" என்றான் தம்பி.

"ஏன்ப்பா எடுத்த எடுப்புல சாவைப் பத்திப் பேசறே?"

"சாவைப் பத்திப் பேசத்தானே உக்காந்திருக்கோம்? கார்டு போச்சுன்னா அது எழுதின டிஸ்கை வேற எதுலயும் படிக்க முடியாது. அதே ஜாதிக் கார்டு வேணும். இது இப்ப எங்கயும் செய்யறதில்லை. என் ஏற்பாட்டுல டிஸ்கைக் கழட்டி எந்தக் கம்ப்யூட்டர்ல மாட்டினாலும் திறக்கும்."

"நடுவுல கரண்ட் போனா உன் நிரல் என்ன பண்ணும்? பாதி எழுதினது பாதியிலேயே நிக்கும். இதுல பேட்டரி இருக்கு தம்பி. ஞாபகம் வெச்சுக்கிட்டு, கரண்ட் வந்ததும் மிச்சத்தை எழுதும். நீ கரண்ட் போனா மெழுகுவத்தி தேடுவே."

"வீட்டுக்கு எதுக்குங்க இவ்வளவு? நீங்க பேங்க் நடத்தலை."

"நடத்தினா உன்னை வாட்ச்மேனாக்கூட வைக்க மாட்டேன்."

அலமாரிக் கதவு விரற்கடை அளவு திறந்தது. உள்ளிருந்து ஒரு கண் மட்டும் தெரிந்தது. "அங்க ஒருத்தி கடல்ல குதிக்கலாமா வேண்டாமான்னு நிக்கறா. இங்க என்ன சத்தம்?" கதவு சாத்தப்பட்டது. மூன்று ஆண்களும் கிசுகிசுப்பை இன்னும் ஒரு படி இறக்கிக்கொண்டார்கள்.

இப்படிப் பல ஞாயிறுகள். ஸ்டெப்னி இரவல் புத்தகங்கள் படித்தார். வலைத்தளங்களில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் முட்டாள் என்று அழைத்துக்கொள்ளும் நீண்ட விவாதங்களைப் படித்தார். படிக்கப் படிக்க இரு தரப்பும் சரியென்றே பட்டது. மச்சானை மறுத்தால் அம்மையாரின் பிறந்த வீட்டை மறுத்ததாகும். தம்பியை மறுத்தால் "பொண்டாட்டி வீட்டுப் பக்கம் சாஞ்சுட்டாரு" என்று ஊர் சொல்லும். நியாயமான மனிதர் யாராக இருந்தாலும் நாணயத்தைச் சுண்டிவிட்டு ஏதோ ஒன்றை எடுத்திருப்பார். ஸ்டெப்னி நாணயத்தைச் சுண்டவில்லை. மற்றவர்களுக்குத் தோன்றாத ஒன்று அவருக்குத் தோன்றியது.

"ரெண்டையும் போட்டுடலாம்."

"எதை ரெண்டையும்?"

"மச்சான் கார்டுல ரெண்டு டிஸ்க். அது ரெண்டும் சேர்ந்து வெளியில ஒரே டிஸ்க் மாதிரிதானே தெரியும்? அந்த ஒண்ணோட இன்னொரு டிஸ்கை ஜோடி சேர்த்து, அதுக்கு மேல தம்பியோட சாஃப்ட்வேர். மொத்தம் மூணு பிரதி."

ஸ்டெப்னிக்கு ஸ்டெப்னி! மச்சானும் தம்பியும் முதன்முறையாக ஒருவரையொருவர் கருணையோடு பார்த்துக்கொண்டார்கள். ஒரே வியாதியஸ்தரின் தலைமாட்டில் சந்தித்த இரண்டு வைத்தியர்களைப்போல. பிறகு இருவருமே ஒப்புக்கொண்டார்கள். தன்னுடையது ஜெயித்ததாக ஒவ்வொருவரும் வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ள முடியுமே.

பெட்டி உயிர் பெற்றது. அம்மையாரின் அத்தியாயங்கள் எல்லாம் அதற்குள் குடியேறின. அத்தோடு நிற்காமல் ஸ்டெப்னி மடிக்கணினியில் இருந்தவற்றையும், ஒலிப்பதிவுக் கருவியில் இருந்தவற்றையும் வாராவாரம் தன் கையாலேயே அழித்தார்.

"எதுக்குங்க அழிக்கறீங்க? இருந்துட்டுப் போகட்டுமே."

"இடத்தை அடைக்குது. அதான் மூணு பிரதி இருக்கே." வாழ்க்கையில் அவர் எதையாவது கூடுதல் என்று சொன்னது அதுவே முதல் முறை. அம்மையார் அதைக் கவனித்திருக்க வேண்டும். அவரோ கதாநாயகியைக் கடலிலிருந்து கரையேற்றும் கவலையில் இருந்தார்.

முதல் சிக்கல் காற்றாடியால் வந்தது. மச்சானின் கார்டு, குளிர் அறையில் ராஜாவாக இருந்த பொருள், சூடாகும். அதைக் குளிர்விக்கும் காற்றாடி 'ங்ஙோ' என்றது. கதாநாயகி சாகக் கிடந்த தன் தாயிடம் பேசும் இடத்திலெல்லாம் பின்னணியில் யாரோ மாவு அரைத்தார்கள்.

"இந்தப் பெட்டியை என் அலமாரிப் பக்கத்துலேர்ந்து எடுங்க. எங்கயாவது கண்காணாத இடத்துல வைங்க."

வாசலருகே செருப்பு அலமாரி இருந்தது. கீழ்த்தட்டைக் காலி செய்து, பெட்டியை உள்ளே தள்ளி, கதவைச் சாத்தினார். சத்தம் போயே போய்விட்டது. அத்துடன் காற்றும் போய்விட்டது. இன்னொன்றும் போயிற்று: தள்ளிய வேகத்தில் மூன்றாவது டிஸ்கின் கேபிள் நழுவிவிட்டது. தம்பியின் சாஃப்ட்வேர் பொறுப்பான பிள்ளை. 'ஜோடியில் ஒன்றைக் காணவில்லை' என்று அன்றே மின்னஞ்சல் எழுதியது. ஆனால் அது அதற்கு முன் தினந்தோறும் 'எல்லாம் நலம்' என்று எழுதிக்கொண்டிருந்த பிள்ளையும்கூட. நலம் விசாரிப்பில் சலித்துப்போன தம்பி, அதன் கடிதங்களெல்லாம் தானாகவே ஒரு மூலைக்குப் போய் விழும்படி செய்து வைத்திருந்தான். ஆக, அபாயச் செய்தி முறைப்படி அனுப்பப்பட்டு, முறைப்படி படிக்கப்படாமல் கிடந்தது. அன்றோடு மூன்றாவது டிஸ்கில் காலம் நின்றுபோனது. அம்மையார் அப்போது பத்தொன்பதாம் அத்தியாயம் முடித்திருந்தார்.

சில வாரங்கள் கழித்து செருப்பு அலமாரி கூவத் தொடங்கியது. பீப். மூச்சு விடும் நேரம் மௌனம். மறுபடி பீப். அது மூன்று கதவுகளைத் தாண்டி மைக்கில் வந்து விழுந்தது.

அம்மையார் வெளியே வந்தார். "கப்பல்காரன் காதலைச் சொல்றான். 'என் உயிரே'ங்கறான், பீப். 'உனக்காகவே திரும்பி வந்தேன்'ங்கறான், பீப். லாரி பின்னால வர்ற மாதிரி இருக்கு. ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். டிரைவர் ஐயாவுக்குத் தேதி குறிச்சாச்சு, தெரியுமா உங்களுக்கு?"

ஸ்டெப்னி மச்சானுக்குப் போன் போட்டார்.

"அதுவா? பேட்டரி பழசாச்சுன்னு சொல்லும். இல்லைன்னா கொஞ்சம் சூடுன்னு சொல்லும். எங்க ஆபீஸ்லயும் சும்மா கத்தும். திரையில 'அலாரத்தை நிறுத்து'ன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதை அமுக்குங்க மாப்பிள்ளை."

அமுக்கினார். வீடு அமைதியானது. துணி அலமாரிக்குள் கப்பல்காரன் தடையில்லாமல் உயிரை விட்டுக்கொண்டிருந்தான்.

இங்கே வரலாற்றுக்காக ஒன்றைப் பதிவு செய்துவிட வேண்டும். ஒரு லிஃப்டுக்குள் நுழைந்ததும் ஸ்டெப்னி முதலில் அமுக்கிப் பார்ப்பது அபாய மணியைத்தான். குடியிருப்பவர்களுக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று மணியின் கம்பியைக் கழற்றி வைத்திருந்த எத்தனையோ கட்டடங்களுக்கு அவர் சீல் வைத்திருக்கிறார். "மணி அடிக்குதுன்னா மணியையா ரிப்பேர் பண்ணுவீங்க?" என்று குடியிருப்போர் சங்கக் காரியதரிசிகளை நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார். அதே வாரத்தில்கூட ஒரு இடத்தில் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். அந்தக் கேள்வி வீடுவரை அவரோடு வரவில்லை. லிஃப்டிலேயே இறங்கிவிட்டது போலும்.

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி இருந்த ஒரு காலை. ஷூ எடுக்கக் கதவைத் திறந்த ஸ்டெப்னியின் முகத்தில் அனல் அடித்தது. உருகின பிளாஸ்டிக்கும் தோல் செருப்பும் கலந்த ஒரு வாசனை. பெட்டியின் விளக்கு எரியவில்லை. கார்டைத் தொட்டார், விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

மச்சானும் தம்பியும் வந்தார்கள். கூடத்துத் தரையில் பிரேதப் பரிசோதனை நடந்தது. தம்பி மூன்றாவது டிஸ்கைத் தன் மடிக்கணினியில் மாட்டினான். அடுத்த நிமிடமே திறந்துகொண்டது.

"பார்த்தீங்களா! நான் என்ன சொன்னேன்? எங்க மாட்டினாலும் திறக்கும்!" என்று எழுந்து நின்றான். அப்புறம் மெல்ல உட்கார்ந்தான். "அண்ணே... இதுல பத்தொன்பது வரைக்கும்தான் இருக்கு."

"என்னோட ரெண்டு டிஸ்க்லயும் எல்லா அத்தியாயமும் இருக்கு," என்றார் மச்சான் தலை நிமிர்ந்து. "கடைசி நிமிஷம் வரைக்கும் எழுதியிருக்கு. விசுவாசம்னா அது."

"திறங்க."

"கார்டு வேணும்."

"கார்டு எங்க?"

மச்சான் கருகிய கார்டைப் பூத்துண்டில் சுற்றினார். "இதே மாதிரி ஒண்ணு எங்கயாவது இருக்கும். பழைய சாமான் விக்கறவங்க நாலு பேரைத் தெரியும். ரெண்டு மூணு மாசம் கொடுங்க."

ஆக, திறந்தது பழையது, புதியது திறக்கவில்லை. இரு கட்சிகளும் சரிபாதி ஜெயித்து, ஏழு அத்தியாயங்கள் போய்விட்டிருந்தன. இனி யார் துணி அலமாரிக் கதவைத் தட்டுவது? தம்பி மச்சானைப் பார்த்தான், மச்சான் ஸ்டெப்னியைப் பார்த்தார். ஸ்டெப்னிக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

தட்டினார். சொன்னார். கேபிள், காற்று, பீப், அழித்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். ஆய்வு அறிக்கை எழுதிப் பழகிய வாய். குறைகளைக் கோவையாகச் சொல்ல அதற்குத் தெரியும்.

அம்மையார் முக்காலியில் உட்கார்ந்தபடியே, தொங்கிக்கொண்டிருந்த சட்டை ஒன்றின் கையைப் பிடித்து நீவிக்கொண்டே இருந்தார்.

"டிரைவர் ஐயாவுக்கு இன்னும் ரெண்டு வாரம்கூட இல்லை," என்றார். "ஏழு அத்தியாயம் ஒரு தடவை படிக்கவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு."

"மச்சான் கார்டு தேடிட்டுத்தான்..."

"அந்தப் பேச்சை என் காது கேக்கப் பேசாதீங்க. மூணு பேரும் இங்க வாங்க."

வந்தார்கள்.

"ஏன் ரெண்டு மாசம் ஆச்சு தெரியுமா? படிக்கறது நான், சரிபார்க்கறதும் நான். படிச்சதைத் திரும்ப மொதல்லேர்ந்து கேட்டு, விட்ட வார்த்தை, விழுங்கின வார்த்தை, வயித்துச் சத்தம் எல்லாம் பிடிச்சு, திரும்பப் படிக்கணும். இனிமே நான் படிக்கறேன். நீங்க மூணு பேரும் முறை போட்டு, நான் தர்ற பக்கங்களோட ஜெராக்ஸைக் கையில வெச்சுக்கிட்டுக் கேளுங்க. தப்பு வந்தா சொல்லுங்க. லீவு போடுங்க. அண்ணே, நீயும்தான்."

"எனக்கு ஆபீஸ்ல..."

"அண்ணே."

"சரிம்மா."

அடுத்த நாட்களில் அந்த வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். மச்சான் ஸ்வெட்டரோடு சோபாவில், காதில் ஹெட்போன், கையில் பென்சில். தம்பி தரையில் குப்புறப் படுத்து. ஸ்டெப்னி சாப்பாட்டு மேசையில் இரண்டு மூக்குக்கண்ணாடிகளோடு. லிஃப்ட் ஆய்வாளரின் காது நல்ல காது. கப்பியின் ஓசையிலேயே தேய்மானத்தைக் கண்டுபிடிப்பது. ஒரு மாலை அவர் தயங்கித் தயங்கி அலமாரிக்குப் போனார்.

"தப்பு ஒண்ணும் இல்லை. ஆனா கப்பல்காரன் பேசறப்பல்லாம் நீ கோவமாப் படிக்கறே."

"அவன் அடுத்து செய்யப்போறது எனக்குத் தெரியுமே. முதல் தடவை படிச்சப்ப தெரியாது. படுபாவி."

"டிரைவர் ஐயாவுக்குத் தெரியாதுல்ல? குரல்லயே கண்டுபிடிச்சுடுவார்."

அம்மையார் அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அப்படிப் பார்த்தது அபூர்வம். "அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுக்கறேன்," என்றார். "கதவைச் சாத்துங்க."

ரெய்டுச் சண்டை ஓய்ந்துவிட்டதென்று யாரும் நினைக்க வேண்டாம். மாறுவேடம் போட்டுக்கொண்டது, அவ்வளவுதான். மச்சான் மருந்துக்கடைக்காரன் பக்கம்.

"பூட்டி வெச்சாலும் பத்திரமா வெச்சிருப்பான். அவனைக் கட்டிக்கிட்டா அந்தப் பொண்ணு நிம்மதியா இருக்கும்."

"மூச்சு முட்டிச் சாகும்," என்றான் தம்பி. "கப்பல்காரனோட எந்த ஊர்லயும் பிழைச்சுக்கலாம்."

"அவன் ஊருக்கு ஒருத்தி வெச்சிருக்கான்டா!"

"அது இருபத்தி நாலாம் அத்தியாயம். நான் இன்னும் அங்க வரலை. ஏங்க சொன்னீங்க?" தம்பி உண்மையிலேயே வருத்தப்பட்டான்.

இடையே அம்மையார் பெட்டி விஷயத்தையும் தீர்த்து வைத்தார். தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"கார்டு வேண்டாம். தம்பி, உன் சாஃப்ட்வேரே போதும், ரெண்டு டிஸ்க். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, நடுவுல ஒண்ணுன்னு அடுக்கக் கூடாது. அதோட கடிதம் உனக்கு வர வேண்டாம், எனக்கு வரட்டும். இன்னொரு டிஸ்க் என் கைப்பையில இருக்கும். வெள்ளிக்கிழமை நூலகத்துக்குப் போறப்ப அதுல காப்பி எடுத்து அங்க வெச்சுட்டு, அங்க இருக்கற போன வாரத்து டிஸ்கை எடுத்துட்டு வந்துடுவேன். ஒரே பெட்டிக்குள்ள முப்பது வெச்சாலும் அது ஒண்ணுதான். அலமாரி தீப்பிடிச்சா முப்பதும் போகும்."

"அண்ணி சொல்றதுதான் சரி," என்றான் தம்பி. "நான் அப்பவே..."

"நீ சொல்லலை."

"சொல்லலை."

"அப்புறம், பீப் இருக்கட்டும். நான் வந்து கத்தினா அதை நிறுத்தாதீங்க. என்னைக் காத்திருக்கச் சொல்லிட்டு, அது எதுக்குக் கத்துதுன்னு போய்ப் பாருங்க."

இதைச் சொன்னது ஸ்டெப்னியிடம். அவர் சுவரோரம் நின்றிருந்தார், சீல் வைக்கப்பட்ட கட்டடத்தின் காரியதரிசியைப்போல. "சரி" என்றார்.

கடைசி அத்தியாயத்தை அம்மையார் யாரையும் கேட்க விடவில்லை. அவருக்கே முடிவு தெரியாது. முடிவை முன்கூட்டிப் படிக்க மாட்டார், வாசிக்கும்போதே தெரிந்துகொள்வார். மூன்று ஆண்களும் படுக்கையறைக்கு வெளியே வரிசையாக நின்றார்கள், பிரசவ அறைக்கு வெளியே நிற்பதுபோல. கதவு திறந்தது. அம்மையார் முகத்தில் ஒரு விஷமச் சிரிப்பு.

"யாரை?" என்றார் மச்சான்.

"நூலகத்துல கேட்டு வாங்கிக்கோ," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நெஞ்சைத் திறப்பதற்கு முதல்நாள் மதியம் முழுப் புத்தகமும் டிரைவர் ஐயாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்டெப்னிக்குக் கவலை பிடித்தது. முழு நாவலும் கேட்க நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். மறுநாள் காலையில் கத்தி. பாதியில் மயக்க ஊசி போட்டுவிட்டால்? மனிதர் ஊசியைத் தட்டிவிட்டு ஓடிவிட்டால்? அறுவை நடந்த நாள் முழுவதும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் மணி அடித்தபோது அம்மையார் குளித்துக்கொண்டிருந்தார், ஸ்டெப்னிதான் எடுத்தார்.

"அம்மா இல்லையா? பரவாயில்லை, நீங்களே சொல்லிடுங்க." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது, ஆனால் கோபம் பழைய அளவிலேயே இருந்தது. "ரெண்டு பேரையும் விட்டுட்டுத் தபால் ஆபீஸ் வேலைக்குப் போயிட்டாளே, இதுக்கா நான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன்? கண்ணு முழிச்சதும் டாக்டர் 'எப்படி இருக்கு'ன்னு கேட்டார். 'அந்தப் பொண்ணுக்குப் புத்தி இல்லை'ன்னேன். மூளைக்கு ரத்தம் போகலையோன்னு இன்னொரு ஸ்கேன் எடுத்துட்டாங்க."

"அப்ப... முழுசும் கேட்டுட்டுத்தான் உள்ள போனீங்களா?"

"பின்ன?"

"நாற்பது மணி நேரம் ஆகுமே ஐயா!"

"யாரு அப்படிக் கேப்பாங்க? எங்க ஆளுங்க எல்லாம் மூணு மடங்கு வேகத்துலதான் வெச்சுக் கேப்போம். காது பழகிடும். ராத்திரி எனக்குத் தூக்கமும் வரலை. விடியறதுக்குள்ள முடிச்சுட்டேன்."

போனை வைத்துவிட்டு ஸ்டெப்னி குளியலறைக் கதவைப் பார்த்தார். மூன்று மடங்கு வேகம்! அந்த நிறுத்தங்கள், அந்தப் பெருமூச்சுகள், கோபம் தெரியாமல் திரும்பத் திரும்ப எடுத்த அந்தப் பக்கம், எல்லாம் கீச்சுக்கீச்சென்று அணில் கத்துவதுபோல் ஓடி முடிந்திருக்கின்றன. இதை எப்படி அவளிடம் சொல்வது?

அம்மையார் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "டிரைவர் ஐயாவா? எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார். உன்னைத் திட்டறார். கதாநாயகியையும்."

"முடிவு வரைக்கும் கேட்டுட்டாரா?"

"ம். ஒவ்வொரு வார்த்தையா, நிதானமா, ரசிச்சுக் கேட்டாராம்."

துவட்டிய கை நின்றது. "பொய் சொல்லாதீங்க. மூணு மடங்குல ஓட்டியிருப்பார். அவங்க எல்லாரும் அப்படித்தான்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? அதுக்குத்தானே நான் இழுத்து இழுத்துப் படிக்கறது. மூணு மடங்குல கேட்டாத்தான் சரியா இருக்கும்," என்றார் அம்மையார். "நீங்க மூணு பேரும் சாதா வேகத்துல வெச்சுக் கேட்டீங்கல்ல? எப்படித்தான் தூங்காம கேட்டீங்களோ, பாவம்."